எண்பத்துநாலாம் பக்கம்

கோரைமுனையில் பொன்னாடை விழாத தோள் என்று ஒன்றுகூட மிச்சமில்லாமற் போனதுதான் எல்லாக் கரைச்சலுக்கும் தொடக்கம்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர் அது. கல்லடிப் பாலத்திலிருந்து தெற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம். முந்நூறு குடும்பங்கள், அவற்றுக்கென்று ஒரு வரலாற்றுக் கழகம். கழகம் வருடந்தவறாமல் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊருக்கு உழைத்த தலைவர்களைக் கூப்பிட்டுக் கௌரவிக்கும். விழாவுக்கு ஐந்து பேர் என்று பதினான்கு விழாக்கள் நடந்துவிட்டன. முந்நூறு குடும்பத்துக்குள் எழுபது தலைவர்களை எங்கேயிருந்து பிடிப்பது? கோயில் நிர்வாகத்தின் தலைவர், ஊர்வழக்கில் வண்ணக்கர், கனகசூரியத்துக்கு மட்டும் மூன்று தடவை போர்த்தியாயிற்று. முதற்தடவை கோயிற் தொண்டுக்கு, இரண்டாந்தடவை கூட்டுறவுச் சங்கத்துக்கு, மூன்றாந்தடவை வரவேண்டிய ஆள் வராததற்கு.

கழகத்தின் செயலாளர் இளையதம்பியார், ஓய்வுபெற்ற தபாலதிபர். பொய் சொல்லாத மனிதர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். ஊர் இதைப் பாராட்டாக மட்டும் சொல்வதில்லை. செத்தவீட்டில் தலையிலடித்து அழுகிற மகனை ஒருபக்கமாகக் கூட்டிப்போய், “தம்பி, நோட்டீசில அப்பா பிறந்த வருசம் பிழையாக் கிடக்கு” என்று சொல்லக்கூடிய ஆள். கலியாண வீட்டில் பொருத்தத்தைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயந்து அவரைப் பந்திக்கு மட்டும் அழைப்பார்கள்.

அவர் எழுதிய ‘கோரைமுனை வரலாறு’ என்ற புத்தகம் பள்ளிக்கூட நூலகத்திலும், பாதி வீடுகளின் அலுமாரியிலும், வாசிகசாலை மேசையின் ஆடுகிற காலுக்குக் கீழும் இருக்கிறது. அதன் பன்னிரண்டாம் பக்கத்தில் ஊர்க்கோயிலுக்கு நூற்றறுபது வயது என்று உறுதிப்பத்திரத்தோடு எழுதியிருந்தார். கோயிற்காரர் இரண்டாயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வருடத்தை ஒரே வரியில் பறிகொடுத்த கனகசூரியம் வண்ணக்கர், அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தில் ஒரேயொரு பிழை அகப்படாதா என்று பக்கம் பக்கமாகத் துருவிக்கொண்டிருந்தார். ஒன்றும் அகப்படவில்லை.

பதினைந்தாவது விழாவுக்கு ஆள் தேடக் கூடிய கூட்டத்தில், கழகத்தின் புதுத் தலைவர் துசாந்தன் எழுந்தான். முப்பத்துநாலு வயது, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன்.

“பதவியில இருந்தவங்களுக்கே போர்த்துப் போர்த்துக் காணும், போதும் ஐயா. பன்னிரண்டு வருசத்துக்கு முன்ன வெள்ளம் வந்த நேரம் ஆத்துவாய வெட்டி ஊரக் காப்பாத்தினது ஆரு? அந்த ஆளத் தேடிப் பிடிச்சுப் போர்த்துவம்.”

கூட்டம் கைதட்டியது. இளையதம்பியார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்பிடி ஒரு ஆள் இல்ல, தம்பி. ஆறு தானாத்தான் திறந்தது. எண்பத்துநாலாம் பக்கம் பாருங்க.”

நடந்தது இதுதான். வாவி கடலோடு சேருகிற இடத்தில், ஊர்ச்சொல்லில் ஆற்றுவாயில், வருடத்தில் பாதி நாள் மணல் அடைத்துக் கிடக்கும். மாரியில் வாவி நிரம்பினால் அந்த மணலை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊருக்குள் ஏறும். ஆனால் யாரும் நினைத்தபடி மண்வெட்டியைத் தூக்கமுடியாது. அதற்கென்று ஒரு குழு, குழுவுக்கென்று கூட்டம், கூட்டத்துக்கென்று திகதி. அந்த வருடம் கூட்டத்தை மூன்று தரம் ஒத்திவைத்தார்கள். வயல்வட்டையில் கதிர் பொதிந்த குடலைப் பருவத்து நெல் முழுக்கத் தண்ணீருக்குள். வீடுகளில் முழங்காலளவு வெள்ளம். நாலாவது தரம் கூட்டம் நடந்தபோது, ஊரின் ஆம்பிளைகள் அத்தனை பேரும் மனுவோடு பட்டினத்துக்கு பஸ் பிடித்துப் போனார்கள். பின்னேரம் திரும்பி வந்து பார்த்தால் ஆற்றுவாய் நூறு அடி அகலத்துக்குத் திறந்து கிடந்தது. வாவி கடலுக்குள் இரைந்துகொண்டு ஓடியது. ‘அனுமதியின்றி ஆற்றுவாய் வெட்டுதல் தண்டனைக்குரிய குற்றம்’ என்று எழுதிய பலகையும் அதோடு போய்விட்டது. பலகை போனதற்காகத்தான் மறுநாள் பொலிஸ் வந்தது.

இளையதம்பியாரை வாசலில் எதிர்கொண்ட மனைவி கனகமணி, “ஆறு வெட்டுப்பட்டுட்டு” என்றாள். வந்த பொலிசுக்கும் ஊர் முழுக்க அதே சொல்லைத்தான் சொன்னது. வெட்டுப்பட்டுட்டு. வெட்டினது யார் என்று அந்தச் சொல்லுக்குள் தேடினாலும் கிடைக்காது. கோரைமுனையார் வேண்டுமென்றே இப்படிப் பேசுகிறவர்கள் அல்லர். அவர்களுக்குச் சட்டி உடைபட்டுடும், பால் கொட்டுப்பட்டுடும், ஆறு வெட்டுப்பட்டுடும். ஆனால் சொல்லைச் சொல்லாக எடுக்கிற இளையதம்பியார், ஆறு தன்பாட்டில் திறந்தது என்றே விளங்கிக்கொண்டார். பொலிசுக்கு அப்படியே ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். அலையின் வேகம், வாவியின் அழுத்தம், மணலின் தன்மை என்று மூன்று காரணங்களோடு. ‘பொய் சொல்லாத மனிசன் எழுதியிருக்கார்’ என்று பொலிசும் கோப்பை மூடிக்கொண்டு போனது. பிறகு அதுவே எண்பத்துநாலாம் பக்கமாயிற்று.

துசாந்தன் விடவில்லை. வாசிகசாலையில் அறிவித்தல் ஒட்டினான். வெட்டியவர்கள் தகுந்த விபரங்களுடன் செயலாளருக்கு விண்ணப்பிக்கவும். வழக்குப் பயம் இனி இல்லையென்று சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு அதையும் கீழே எழுதினான்.

பன்னிரண்டு வருடமாக ‘எனக்கு ஒண்டும் தெரியா’ என்றிருந்த ஊரிலிருந்து ஒரே கிழமையில் ஏழு விண்ணப்பங்கள் வந்தன. தனியொருவனாக இருபது அடி ஆழம் வெட்டினேன் என்று எழுதியிருந்தவருக்குச் சாரத்தை இழுத்துக் கட்டவே இன்னொருவர் வேண்டும். இன்னொருவர் மண்வெட்டியோடு நிற்கிற படத்தை ஆதாரமாக இணைத்திருந்தார். படத்தில் அவருக்குப் பின்னால் மதிலில் தெரிந்தது போன வருடத்துத் தேர்தல் சுவரொட்டி. கனகசூரியம் வண்ணக்கர், அம்மன் கனவில் வந்து ‘வெட்டு’ என்றாள், வெட்டினேன் என்று இரண்டே வரியில் முடித்திருந்தார்.

இளையதம்பியார் அலுமாரியைத் திறந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார். அன்றைக்குப் பட்டினத்துக் கூட்டத்துக்குப் போன ஆட்களின் வரவுப் பதிவு. மனுக்குழுவின் செயலாளரும் அவர்தானே. விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். ஏழு பேரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். வண்ணக்கர் அந்தக் கூட்டத்தில் தேத்தண்ணியோடு கொடுத்த ரோல்ஸில் ஒன்றைத் தின்று ஒன்றைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டதுகூட அவருக்கு ஞாபகம் வந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மனிதருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். விழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

“ஏழு பேரும் பொய்யன்மார், புள்ள! பதிவு இரிக்கி. அண்டைக்கு ஊரில ஒரு ஆம்பிளை இருக்கல்ல. ஒராளும் இல்லாத ஊரில ஆறு மறுகா எப்பிடித் திறந்தது? தானாத்தான் திறந்தது. எண்பத்துநாலாம் பக்கம் மெய்!”

கனகமணி திரளிமீன் குழம்பை அவர் சோற்றுக்கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

“ஆம்பிளை இல்லாட்டி ஊரில ஆள் இல்லையோ?” என்றாள்.

இளையதம்பியாரின் கை சோற்றுக்குள் நின்றுவிட்டது.

“பதினொரு பேர் போனநாங்க. நான், முன்வீட்டு வதனி, அங்கால எறால் விக்கிற ஹவ்வா உம்மா, மத்த ஆக்கள். கடல் வத்திற நேரம் ஹவ்வா உம்மாவுக்குத்தான் தெரியும். ஒரு முழம் அகலத்துக்குக் கோடு இழுத்த மாதிரி வெட்டினாக் காணும் எண்டாள். வெட்டிப்போட்டு ஓடி வந்துட்டம். மிச்சத்த ஆறு பாத்துக்கொண்டிச்சு. நீங்க எல்லாரும் அங்க ரோல்ஸ் திண்டுகொண்டு இருந்திருப்பீங்க.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். இப்போது அவளுடைய குரல் தணிந்திருந்தது.

“உங்களுக்குத் தெரியாதது மாதிரி ஏன் இப்பவும் கதைக்கிறீங்க? இனிப் பயமில்லத்தானே. பொலிஸ் வந்த அண்டைக்கு நான் பிளேன்ரீ கொண்டு வந்தன். உள்ளங்கை ரெண்டும் கொப்பளம். நீங்க என்ட கையப் பாத்தீங்க. பாத்துப்போட்டு, ‘நீ உள்ள போ புள்ள’ எண்டீங்க. உள்ள போய் நிண்டு கேட்டன், பொய்யே சொல்லத் தெரியாத மனிசன் எனக்காக வரிவரியா வாசிச்சு வாசிச்சுப் பொய் எழுதுறார். மறுகா அதப் புத்தகத்திலயும் போட்டீங்க. நான் அண்டைக்கு அழுதநான். நீங்க காணல்ல.”

இளையதம்பியார் அன்றைக்கு ‘உள்ள போ’ என்றதற்குக் காரணம், அவளுடைய நிழல் அவர் எழுதிக்கொண்டிருந்த தாளில் விழுந்தது. கையை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தது பிளேன்ரீக் கிளாசை. பன்னிரண்டு வருடமாக இந்தப் பெண்பிள்ளை, தன் புருசன் தனக்காகச் செய்த ஒரே பெரிய காரியம் என்று நெஞ்சுக்குள் வைத்துக் காத்தது ஒரு நிழலை. அவர் பாதிச் சோற்றை அப்படியே விட்டார். “ஓம்” என்று மட்டும் சொல்லி எழுந்து கை கழுவினார்.

கோரைமுனையின் வரலாற்றில் யாரும் அந்த மூன்று நாள் இளையதம்பியாரைப்போலக் குழம்பியதில்லை. அவரே எழுதினாலும் அதைத்தான் எழுதுவார்.

வழி லேசானது. புத்தகத்தில் பிழை வந்தால் திருத்தம் போடுவது உலக வழக்கம். ஒரு துண்டுத் தாளில் எழுதினார். ‘பக்கம் 84, வரி 6: ஆற்றுவாய் தானாகவே திறந்தது என்பதை, ஊர்ப் பெண்கள் பதினொருவர் வெட்டித் திறந்தனர் எனத் திருத்தி வாசிக்கவும். தவறு ஆசிரியரின் அறியாமையால் நேர்ந்தது.’ துசாந்தன் வாசித்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“பிழைய ஒத்துக்கொள்றவர்தான் ஐயா உண்மையான வரலாற்றாசிரியர். உங்களுக்கு மதிப்புக் கூடும். பதினொரு பேரையும் மேடைக்குக் கூப்பிடுவம். நீங்க இத வாசிங்க.”

மதிப்புக் கூடும்தான். ஆனால் ‘அறியாமை’ என்று மைக்கில் வாசித்தால் கனகமணி கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சொல்லை வெட்டினார். ‘கவனக்குறைவு’ என்று எழுதினார். அதையும் வெட்டினார். கடைசியில் அந்த வரியே வேண்டாம் என்று தாளின் அடியைக் கிழித்துவிட்டார். ஒரு வரியைக் குறைப்பது பொய்யாகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இத்தனை வயதில் அவர் தனக்குச் சொன்ன முதல் சமாதானம் அது, ஆகவே பெரிதாக எடுபடவில்லை.

விழாவன்று மூன்று மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. விண்ணப்பம் போட்ட ஏழு பேரும் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் இருந்தார்கள். தங்கள் பெயர் கூப்பிடப்படும் என்று ஏழு பேருக்கும் நம்பிக்கை. பட்டினத்திலிருந்து வந்திருந்த பிரதம விருந்தினர் விசிறி தன் பக்கம் திரும்பும் நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

இளையதம்பியார் மைக்கைப் பிடித்தார். வரவுப் பதிவை முதலில் வாசித்தார். ஏழு பெயர்களும் வந்தன. முன்வரிசையில் வேட்டிகள் அசைந்தன, பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. பிறகு திருத்தத்தை வாசித்து, பதினொரு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கலியாணம் முடித்த முப்பத்துமூன்று வருடத்தில் மனைவியை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘திருமதி கனகமணி’ என்று வாசித்தபோது நாக்குத் தடக்கியது.

பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி வெளிநாட்டில் மகளோடு இருந்தாள், ஒருத்தி தவறிவிட்டாள், அவளுக்காக அவளுடைய மகள் வந்தாள். ஆகப் பத்துப் பேர். மேடையில் இருந்தது ஒரேயொரு பொன்னாடை. வெட்டிய ஆள் ஒருவன் என்று நம்பி வாங்கியது. துசாந்தன் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு என்று தெரியாமல் விழித்தான்.

“குடு மகன் இஞ்ச, வெட்டிப் பங்கு போடுவம்,” என்றார் ஹவ்வா உம்மா. “வெட்டுறது எங்களுக்குப் பழக்கந்தானே.”

மண்டபம் குலுங்கியது. பிரதம விருந்தினர்கூட முழித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்கியபோது முன்வரிசையில் கனகசூரியம் வண்ணக்கர் எழுந்து நின்றார். பல வருடப் பசி அவருடைய முகத்தில் இருந்தது.

“ஒரு கேள்வி, போஸ்மாஸ்டர். ஊரில எல்லாருட பிழையையும் திருத்துறவர் நீங்க. உங்கட வீட்டில நடந்தது உங்களுக்குத் தெரியாமப் பிழையா எழுதினீங்களா, இல்லாட்டித் தெரிஞ்சுகொண்டே பொய் எழுதினீங்களா? ரெண்டில ஒண்டச் சொல்லுங்க.”

வண்ணக்கர் கெட்டிக்காரர். முட்டாள் என்று ஒத்துக்கொள், அல்லது பொய்யன் என்று ஒத்துக்கொள் என்பதுதான் கேள்வி. இளையதம்பியாருக்கு எது உண்மை என்று தெரியும். முட்டாளாகிவிட்டால் வண்ணக்கரின் வாய் ஒரு கிழமையில் அலுத்துவிடும், புத்தகம் நிற்கும், பன்னிரண்டாம் பக்கமும் நிற்கும். பொய்யன் ஆகிவிட்டால் நூற்றெண்பது பக்கமும் போச்சு. அதற்காக எத்தனை வருடம் உறுதிப்பத்திரங்களின் கறையான் மண்ணைத் தட்டித் தட்டி வாசித்திருக்கிறார் மனிதர். அவர் மேடையின் மறுபக்கம் பார்த்தார். கனகமணி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரிஞ்சுதான்,” என்றார் இளையதம்பியார்.

மைக் ஒருதரம் கூவி அடங்கியது.

“பொலிசுக்குச் சொன்னதும் பொய், புத்தகத்தில எழுதினதும் பொய். என்ட பொஞ்சாதியின்ட கையில கொப்பளத்தக் கண்டநான். பொலிஸ் பிடிச்சிரும் எண்டு பயந்து எழுதினன். எண்பத்துநாலாம் பக்கம் முழுப் பொய்.”

சொல்லச் சொல்ல அவருக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனால் சொற்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன. பொய் சொல்வது இத்தனை சுகமானது என்று யாரும் அவருக்கு முன்னமே சொல்லியிருக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து முதற் கைதட்டல் கிளம்பியது. வதனி வாயில் இரண்டு விரலை வைத்து விசிலடித்தாள். கனகமணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“அப்ப பன்னிரண்டாம் பக்கம்?” என்று வண்ணக்கர் அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

“அது மெய்!”

அவர் வாழ்க்கையில் சொன்ன எத்தனையோ உண்மைகளில் இந்த ஒன்றுக்குத்தான் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வண்ணக்கரும் சிரித்தார். கோயில் முகப்பில் மறுநாளே பெயின்ரரைக் கொண்டு ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த’ என்று எழுதுவிக்கப் போகிறார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. இளையதம்பியாருக்கு நெஞ்சு ஒருதரம் வலித்தது. நிசமாகவே வலித்தது.

பொன்னாடையைக் கடைசியில் யாரும் வெட்டவில்லை. பத்துப் பெண்களும் நெருக்கிக்கொண்டு நிற்க, துசாந்தனும் பிரதம விருந்தினரும் ஆளுக்கொரு நுனியாகப் பிடித்து, இழுத்த மட்டுக்கும் போர்த்திவிட்டார்கள். படத்தில் நடுவிலிருந்த நாலு பேருக்குத்தான் தோள் மூடியிருந்தது.

வெயில் தாழ்ந்தபிறகு இருவரும் வாவிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். எதிரே வந்த ஒருவர், “என்ன போஸ்மாஸ்டர், இண்டைக்குத் திகதி என்ன? மெய்யாச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுப் போனார். இனிச் சாகும்வரை இது இருக்கும் என்று இளையதம்பியாருக்கு விளங்கியது.

கொஞ்சத்தூரம் போனபிறகு கனகமணி சொன்னாள்.

“உங்களுக்கு அப்ப ஒண்டும் தெரியா எண்டு எனக்குத் தெரியும்.”

அவர் நின்றுவிட்டார்.

“அண்டைக்கு நான் சொல்லி முடிஞ்சும் சோத்துக்குள்ள கைய வச்சுக்கொண்டு முழிச்சீங்களே, அப்பயே விளங்கிட்டு. மூண்டு நாளாக் கவலதான். அடுப்படிக்குள்ள நிண்டு என்னையே ஏசினன், இத்தன வருசம் என்னத்த நினைச்சுக்கொண்டு இருந்தாய் எண்டு.”

“மறுகா ஏன் புள்ள நீ சொல்லல்ல? நான் அங்க அத்தன சனத்துக்கு முன்னால...” அவர் மண்டபம் இருந்த பக்கம் கையை நீட்டினார். “நான் பொய் சொல்லிட்டன்.”

“ஓம்,” என்றாள் கனகமணி. “பன்னிரண்டு வருசமா நீங்க எனக்காக ஒரு பொய் சொன்னீங்க எண்டு நம்பிக்கொண்டு இருந்தன். இண்டைக்குத்தான் சொன்னீங்க.”

சொல்லிவிட்டு அவருடைய கையைப் பிடித்தாள். வெளிச்சம் மங்குமுன்னமே, வாவியில் தோணிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, ஊர் வீதியில். இளையதம்பியார் கையை இழுக்கவில்லை. புத்தகம் வெளிவந்த அன்றுகூட அவர் இப்படிச் சந்தோசப்பட்டதில்லை.